கிட்டார் சுருதி சேர்ப்பது எப்படி: தந்தி, சுரம், ஸ்டாண்டர்ட் ட்யூனிங் – முழு வழிகாட்டி

சுருதி கலைந்த கிட்டாரில் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) எவ்வளவு சரியாகப் பிடித்தாலும் கேட்கச் சகிக்காது. புதிதாகப் பழகுகிறவர்கள் இதற்குத் தங்கள் விரலைத்தான் குறை சொல்வார்கள். தப்பு பாதி நேரம் தந்தியில் இருக்கும்.

சுருதியைக் காட்டும் கருவியான ட்யூனர் கையில் இருந்தாலும் இந்தத் தொல்லை முழுசாகத் தீராது. பச்சை விளக்கு எரிகிறது, முள் நடுவில் நிற்கிறது, இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் மறுபடி கலைந்துவிடுகிறது. முள் நடுவுக்கு வந்ததா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அது எந்தப் பக்கத்திலிருந்து வந்து நின்றது என்று யாரும் கவனிப்பதில்லை. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

தந்தி எண்ணும் சுரமும்

கிட்டாரை மடியில் வைத்துப் பிடித்தால் தரைப் பக்கம் இருக்கும் மெல்லிய தந்தி 1. முகத்துப் பக்கம் இருக்கும் தடித்த தந்தி 6. ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில், எந்த ஃப்ரெட்டையும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தாமல் மீட்டினால் வரவேண்டிய சுரங்கள் இவை:

6-வது தந்தி – ஈ – 82.41 ஹெர்ட்ஸ்
5-வது தந்தி – ஏ – 110.00 ஹெர்ட்ஸ்
4-வது தந்தி – டி – 146.83 ஹெர்ட்ஸ்
3-வது தந்தி – ஜி – 196.00 ஹெர்ட்ஸ்
2-வது தந்தி – பி – 246.94 ஹெர்ட்ஸ்
1-வது தந்தி – ஈ – 329.63 ஹெர்ட்ஸ்

"ஈ ஏ டி ஜி பி ஈ" என்று தடித்த தந்தியிலிருந்து மெல்லியதை நோக்கி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அதிர்வெண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். 82.41-ஐ நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய 329.63 வருகிறது. சுரத்தின் பெயர் ஒன்றுதான், ஆனால் இரண்டுக்கும் நடுவே இரண்டு ஆக்டேவ் இடைவெளி. அதிர்வெண் இரட்டிப்பானால் ஒரு ஆக்டேவ் மேலே போகிறோம். இன்னொரு முறை இரட்டித்தால் இரண்டாவது ஆக்டேவ்.

"மேலே", "கீழே" என்ற சொற்கள் முதல் வாரம் முழுவதும் குழப்பும். இசையில் மேலே என்றால் சுருதி ஏறுகிறது என்று பொருள். ஆகவே கையில் பிடித்திருக்கும் நிலையில் கீழே இருக்கும் 1-வது தந்திதான் சுருதியில் மேல் தந்தி. இந்தக் கட்டுரையில் மேல், கீழ் என்று வரும் இடமெல்லாம் சுருதியைத்தான் குறிக்கிறது.

பக்கத்தில் கீபோர்டு இருந்தால் ஒப்பிட்டுக்கொள்ள வசதி. நடு சி-க்கு வலப்பக்கம் இரண்டாவது வெள்ளைக் கட்டை 1-வது தந்தியின் ஈ. நடு சி-க்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் இருப்பது 2-வது தந்தியின் பி. அதே இடப்பக்கம் 3-வது வெள்ளைக் கட்டை ஜி, 6-வது டி, 9-வது ஏ, 12-வது தடித்த தந்தியின் ஈ. கிட்டாருக்கான இசைக்குறிப்பை, ஒலிப்பதைவிட ஒரு ஆக்டேவ் மேலேதான் எழுதுவது வழக்கம். குறிப்பைப் பார்த்து அப்படியே கீபோர்டில் வாசித்து அதற்குத் தந்தியைச் சேர்க்கப் போனால் தந்தி அறுந்துபோகும்.

சுருதி எதனால் ஏறுகிறது, இறங்குகிறது

தந்தியின் சுருதியை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: அதிரும் பகுதியின் நீளம், இழுவிசை, தந்தியின் எடை (ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு எவ்வளவு என்ற கணக்கில்). பிரெஞ்சு அறிஞர் மாரின் மெர்சென் 1636-இல் எழுதிவைத்த விதிகள்தான் இன்றும் பொருந்துகின்றன. நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். இழுவிசை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரட்டிக்கும். எடை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும்.

ஆறு தந்திகளும் நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்தி உட்காரும் பள்ளமுள்ள பட்டை) பிரிட்ஜ் (உடலில் தந்தியைத் தாங்கும் பகுதி) வரை ஏறக்குறைய ஒரே நீளம், அதாவது பெரும்பாலான கிட்டார்களில் 630 முதல் 650 மில்லிமீட்டர் வரை. இழுவிசையையும் ஓரளவு ஒரே மாதிரி வைத்தால்தான் கைக்கு இதமாக இருக்கும். அப்படியானால் வித்தியாசத்தை எடைதான் தாங்க வேண்டும். 6-வது தந்தி 1-வதைவிட இரண்டு ஆக்டேவ் கீழே இருப்பதால், ஒரே இழுவிசையில் அதற்குச் சுமார் 16 மடங்கு எடை வேண்டும். அவ்வளவு தடிமனான ஒற்றைக் கம்பி விறைத்துக்கொண்டு நிற்கும், நாதம் வராது. அதனால்தான் மெல்லிய உள்கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி எடையைக் கூட்டுகிறார்கள். நகத்தால் வருடினால் கரகரவென்று தட்டுப்படுவது அந்தச் சுற்றுதான்.

இழுவிசைக் கணக்கு ட்யூன் செய்கிறவருக்கு நேரடியாக உதவும். ஒரே ஒரு அரைச்சுரம் (ஒரு ஃப்ரெட் தூரம்) ஏற்றுவதற்கு இழுவிசையைச் சுமார் 12 விழுக்காடு கூட்ட வேண்டும். ஸ்டீல் தந்தி அகூஸ்டிக் கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. "கொஞ்சம் கூட ஏத்தினா என்ன ஆகும்" என்று நான்கைந்து அரைச்சுரம் ஏற்றினால் 1-வது தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும்.

ஃப்ரெட்டின் வேலை நீளத்தைக் குறைப்பது. ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஒரு அரைச்சுரம். அதிர்வெண் ஒவ்வொரு முறையும் 1.0595 மடங்காகிறது. பன்னிரண்டு முறை அப்படிப் பெருக்கினால் சரியாக இரண்டு. ஆகவே 12-வது ஃப்ரெட் தந்தியின் நட்டநடுவே விழும், சுரம் ஒரு ஆக்டேவ் ஏறும். 5-வது ஃப்ரெட்டில் தந்தியின் முக்கால் பங்கு மிஞ்சும், 7-வதில் மூன்றில் இரண்டு பங்கு. இந்த மூன்று இடங்களும் பின்னால் தேவைப்படும்.

அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். ட்யூனரின் முள் காட்டுவது இதைத்தான். 20 சென்ட் குறைவு என்றால் சேர வேண்டிய சுரத்துக்கும் அதற்கு முந்தைய அரைச்சுரத்துக்கும் நடுவே ஐந்தில் ஒரு பங்கு தூரம் பாக்கி.

ஏன் இப்படி ஒரு வரிசை?

பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்கு இடையே ஐந்து அரைச்சுரம். ச-விலிருந்து ம-வுக்கு இருக்கும் அதே தூரம். ஜி-க்கும் பி-க்கும் இடையே மட்டும் நான்கு, அதாவது ச-விலிருந்து அந்தர காந்தாரம். இந்த ஒரு விதிவிலக்கு பழகுகிறவர்களுக்கு எரிச்சலூட்டும், ஆனால் காரணமில்லாமல் வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஐந்தாகவே வைத்தால் வரிசை ஈ ஏ டி ஜி சி எஃப் என்று முடியும். ஓரத் தந்திகள் இரண்டும் ஈ-யும் எஃப்-உம் ஆகி ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒரு விரலை ஆறு தந்திக்கும் குறுக்கே வைத்துப் பிடிக்கும் பார் கார்டு இன்றைய வடிவில் வராது. ஒரே இடத்தில் ஒரு அரைச்சுரத்தைக் குறைத்ததால் இரு ஓரத்திலும் ஈ கிடைத்தது, சில தந்திகளை அழுத்தாமல் விடும் திறந்த கார்டுகள் நான்கு விரலுக்குள் அடங்கின.

ட்யூனரை வைத்துச் சேர்க்கும் முறை

முதலில் ட்யூனரின் அடிப்படைச் சுருதி 440-இல் இருக்கிறதா என்று பாருங்கள். 1-வது தந்தியின் 5-வது ஃப்ரெட்டில் வரும் ஏ 440 ஹெர்ட்ஸ் என்று 1939-இல் லண்டனில் நடந்த பன்னாட்டு மாநாடு பரிந்துரைத்தது. 1955-இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓ அதை ஏற்றது. கிளிப் ட்யூனர்களில் பொத்தான் தெரியாமல் அழுந்தி 438, 442 என்று மாறிவிடும். அப்புறம் தனியாக வாசிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், கூட ஒருவர் வாசித்தால் மட்டும் ஒட்டாது. 442-க்கும் 440-க்கும் வித்தியாசம் சுமார் 8 சென்ட். அது நன்றாகவே காதில் உறுத்தும்.

கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வை எடுத்துக்கொள்வதால் சத்தமான இடத்திலும் வேலை செய்யும். போன் ஆப் மைக்கை நம்பியிருப்பதால் மின்விசிறிச் சத்தமும் அதைக் குழப்பும். எலக்ட்ரிக் கிட்டார் என்றால் கேபிளில் செருகும் ட்யூனர்தான் நல்லது. எதுவானாலும் பன்னிரண்டு சுரங்களையும் காட்டும் குரோமாட்டிக் முறையில் வையுங்கள். கிட்டார் முறையில் அது ஆறு சுரங்களில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதையே காட்டும். தந்தி வெகுவாகத் தளர்ந்திருந்தால் தப்பான சுரத்துக்கு உங்களை அழைத்துப்போய்விடும்.

இனி வரிசையாக:

1. 6-வது தந்தியிலிருந்து தொடங்குங்கள். மற்ற ஐந்தின் மேலும் உள்ளங்கையை லேசாக வைத்து ஒலியை அடக்குங்கள். பக்கத்துத் தந்தி கூடவே அதிர்ந்தால் முள் தாவும்.

2. கட்டைவிரலின் சதையால் 12-வது ஃப்ரெட்டுக்கு நேராக மென்மையாக மீட்டுங்கள். பிக்கால் ஓங்கி அடித்தால் முதல் நொடியில் தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறி நின்று, பிறகு இறங்கும். மீட்டிய கணத்தில் தெரியும் எண்ணை விட்டுவிட்டு, முள் நிதானித்த பிறகு பாருங்கள்.

3. எந்த எழுத்து தெரிகிறது என்று படியுங்கள். முள்ளைப் பார்ப்பது அதற்கப்புறம். எழுத்து தப்பாக இருக்கும்போது முள் நடுவில் நின்று என்ன பயன்?

4. தந்தியைக் கண்ணால் தொடர்ந்து போய் அது எந்தக் கீயில் (தந்தியை முறுக்கும் திருகு) சுற்றியிருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். அந்தக் கீயைக் கால் சுற்று திருப்பிக்கொண்டே மீட்டுங்கள். சுருதி எந்தப் பக்கம் போகிறது என்று காது சொல்லும். தலைப்பகுதியில் பக்கத்துக்கு மூன்றாகக் கீ இருக்கும் கிட்டார்களில் இரண்டு பக்கமும் எதிரெதிராகத் திரும்பும். ஆகவே "வலப்பக்கம் திருப்பினால் ஏறும்" என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

5. சுரத்துக்கு எப்போதும் கீழிருந்து ஏறி வாருங்கள். தாண்டிப் போய்விட்டால் அப்படியே இறக்கி நடுவில் நிறுத்த வேண்டாம். கால் சுரம் அளவுக்குக் கீழே தளர்த்தி, மறுபடி ஏற்றி நிறுத்துங்கள்.

6. 5, 4, 3, 2, 1 என்று முடித்துவிட்டுத் திரும்ப 6-க்கு வந்து இன்னொரு சுற்று பாருங்கள்.

ஐந்தாவது படிதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது, அதனால் கொஞ்சம் விளக்கமாக. கீக்குள் இரண்டு சக்கரப் பற்கள் ஒன்றையொன்று கவ்வியிருக்கின்றன. இடையில் மிகச் சிறிய இடைவெளி உண்டு. முறுக்கி ஏற்றும்போது பற்கள் ஒரு பக்கமாக இறுகிச் சேர்ந்து நிற்கும். தளர்த்தும்போது அந்த இறுக்கம் விடுபட்டு, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி விழும். அதோடு நட்டில் உள்ள பள்ளத்திலும் தந்தி உராய்ந்துகொண்டிருக்கிறது. தளர்த்தும்போது கீ பக்கத்தில் இழுவிசை உடனே குறையும். நட்டைத் தாண்டி அதிரும் பகுதியில் அந்தக் குறைவு உடனே வந்து சேராது. ட்யூனர் சரி என்று காட்டும். நாலு தடவை ஓங்கி மீட்டியதும் பதுங்கியிருந்த தளர்வு நழுவி வந்து சுருதி இறங்கிவிடும். கீழிருந்து ஏறி வந்தால் இந்த இரண்டு தொல்லையும் இருக்காது.

ஆறாவது படியைத் தவிர்த்துவிட ஆசை வரும், தவிர்க்காதீர்கள். ஒரு தந்தியை இறுக்கினால் கழுத்தும் உடலின் மேல்பலகையும் மயிரிழை வளையும், மற்ற தந்திகள் மயிரிழை தளரும். ஸ்பிரிங் மேல் மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் உள்ள எலக்ட்ரிக் கிட்டாரில் இது பல மடங்கு. அங்கே நான்கைந்து சுற்று கூடப் போகும், அது சகஜம்.

இரண்டு சென்ட்டுக்குள் வந்தால் போதும். முள் துளியும் அசையாமல் நிற்க வேண்டும் என்று ஒரே தந்தியில் ஐந்து நிமிடம் உட்கார வேண்டாம். அடுத்த தடவை மீட்டும்போது அது எப்படியும் நகரும்.

ட்யூனர் காட்டும் எழுத்தைப் புரிந்துகொள்வது

பன்னிரண்டு சுரங்கள்: சி, சி ஷார்ப், டி, டி ஷார்ப், ஈ, எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஜி ஷார்ப், ஏ, ஏ ஷார்ப், பி. அதன் பிறகு மறுபடி சி. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே ஷார்ப் கிடையாது, பி-க்கும் சி-க்கும் நடுவேயும் கிடையாது. 2-வது தந்தியை மீட்டும்போது சி தெரிந்தால் ஒரு அரைச்சுரம் கூடிவிட்டது, தளர்த்துங்கள். ஏ ஷார்ப் தெரிந்தால் ஒரு அரைச்சுரம் குறைவு. சில ட்யூனர்கள் ஏ ஷார்ப்பை பி ஃப்ளாட் என்று காட்டும். இரண்டும் ஒரே சுரம்தான்.

டி தந்தியில் எழுத்து ஏ என்று வந்தால்? வெகுவாகத் தளர்ந்திருக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் நிச்சயமில்லாமல் முறுக்காதீர்கள். பெரும்பாலான ட்யூனர்கள் ஆக்டேவைக் காட்டுவதில்லை; ஒரு ஆக்டேவ் கீழே தொளதொளவென்று கிடக்கும் ஈ-யையும் அது பச்சை விளக்கு போட்டு வரவேற்கும். பக்கத்துத் தந்தியோடு ஒப்பிடுவதே வழி. ஒழுங்காக இருக்கும் கிட்டாரில் 6-இலிருந்து 1 வரை ஒவ்வொன்றாக மீட்டினால் சுருதி படிப்படியாக ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்காவது இறங்கினாலோ திடீரென்று எகிறினாலோ அந்தத் தந்தி வேறு ஆக்டேவில் இருக்கிறது. விரலால் அழுத்திப் பார்த்தாலும் தெரியும்: மற்றவற்றைவிட ஒன்று மட்டும் துவண்டு கிடந்தால் அது இன்னும் ஏற வேண்டும், ஒன்று மட்டும் கம்பிபோல் விறைத்திருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

6-வது தந்தியை மீட்டும்போது சில ட்யூனர்கள் பி என்று காட்டித் திணறும். தந்தியில் கெடுதல் எதுவும் இல்லை. தடித்த தந்தியின் ஒலிக்குள்ளேயே மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஒரு பி இருக்கிறது, சிறிய மைக் அதைப் பிடித்துக்கொள்கிறது. 12-வது ஃப்ரெட்டின் மேல் சதையால் மீட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

காதால் சேர்ப்பது

ட்யூனர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். பாட்டின் நடுவே 2-வது தந்தி மட்டும் இறங்கிவிட்டது என்று கண்டுபிடிக்கிற காது இந்தப் பயிற்சியில்தான் வரும்.

ஒரு தந்தி சரியாக இருந்தால் மற்ற ஐந்தையும் அதை வைத்தே சேர்க்கலாம். 6-வது தந்தியின் 5-வது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினால் ஏ. 5-வது தந்தியைத் திறந்து (ஃப்ரெட்டை அழுத்தாமல்) மீட்டி அதற்குச் சமமாக்குங்கள். 5-வது தந்தியின் 5-வது ஃப்ரெட் டி, அது 4-வது தந்திக்கு. 4-வதின் 5-வது ஃப்ரெட் ஜி, அது 3-வது தந்திக்கு. 3-வது தந்தியில் மட்டும் 4-வது ஃப்ரெட். அங்கே வரும் பி 2-வது தந்திக்கு. கடைசியாக 2-வதின் 5-வது ஃப்ரெட் ஈ, அது 1-வது தந்திக்கு.

சமமாகிவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டையும் சேர்த்து ஒலிக்க விட்டு, விம்மலைக் கேளுங்கள். ஒரு தந்தி 110 ஹெர்ட்ஸ், இன்னொன்று 112 என்றால், சத்தம் நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும்: ம்வா, ம்வா, ம்வா. கீயைத் திருப்பத் திருப்ப விம்மல் மெதுவாகி, நீண்டு, கடைசியில் நின்றுவிடும். அந்த இடம்தான். தாண்டிப் போனால் மறுபடி வேகமெடுக்கும். முதலில் வேண்டுமென்றே தாண்டிப் போய்த் திரும்பி வந்து பாருங்கள். எது நின்ற நிலை என்று காதுக்குப் பழக்கமாகும்.

தடித்த தந்திகளில் இது கடினம், அதற்குக் காரணம் உண்டு. ஐந்து சென்ட் பிசகினால் 1-வது தந்தியில் கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு விம்மல். அதே ஐந்து சென்ட் 6-வது தந்தியில் நான்கு நொடிக்கு ஒன்றுதான், அதற்குள் ஒலியே தேய்ந்துவிடும். இங்கே ஹார்மோனிக் கைகொடுக்கும். 5-வது ஃப்ரெட்டின் உலோகப் பட்டைக்கு நேர் மேலே 6-வது தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு, மீட்டிய உடனே விரலை எடுங்கள். மணி போன்ற ஒலி ஒன்று வரும். அது திறந்த தந்தியைவிட நான்கு மடங்கு அதிர்வெண்ணில் ஒலிப்பதால் விம்மலும் நான்கு மடங்கு வேகமாகக் கேட்கும். இந்த ஹார்மோனிக் 1-வது தந்தியின் திறந்த ஈ-க்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டு ஓரத் தந்திகளையும் சரிபார்க்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

6-வதின் 5-வது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் 5-வதின் 7-வது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் ஒப்பிட்டு, அப்படியே தந்தி தந்தியாக நகரும் முறையும் பரவலாக இருக்கிறது. விம்மலைத் துல்லியமாக நிறுத்தலாம் என்பது உண்மை. ஆனால் 7-வது ஃப்ரெட் ஹார்மோனிக் இயற்கையான மூன்று மடங்கு. ஃப்ரெட்டுகள் நிற்பது ஆக்டேவைப் பன்னிரண்டு சம அரைச்சுரமாகப் பிரிக்கும் சம அளவுப் பங்கீட்டில். இரண்டுக்கும் 2 சென்ட் வித்தியாசம். ஒவ்வொரு படியிலும் 2 சென்ட் சேர்ந்து, 3-வது தந்திக்கு வரும்போது 6 சென்ட் குறைந்திருக்கும். 3-க்கும் 2-க்கும் இடையே இந்த முறை செல்லவும் செல்லாது. ஹார்மோனிக்கை ஓரத் தந்திகளைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிசகு சேர்ந்துகொண்டே போவதைத் தடுக்க எல்லாவற்றையும் 6-வது தந்தியிலிருந்தே எடுப்பது நல்லது. அதன் 5-வது ஃப்ரெட் 5-வது தந்திக்கு, 10-வது ஃப்ரெட் 4-வது தந்திக்கு. இரண்டும் அதே சுரம். 3-வது ஃப்ரெட் ஜி, 7-வது பி, 12-வது ஈ. இவை 3, 2, 1-வது தந்திகளுக்கு ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும். ஆக்டேவைச் சேர்ப்பது ஒரே சுரத்தைச் சேர்ப்பதைவிடச் சற்றுக் கடினம், பழகினால் வந்துவிடும்.

எல்லாம் சேர்த்தாயிற்று, ஆனாலும் ஒரு கார்டு உறுத்துகிறது

இதில்தான் நல்ல காது உள்ளவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஈ மேஜர் கார்டைப் பிடிக்கும்போது 3-வது தந்தியின் முதல் ஃப்ரெட்டில் ஜி ஷார்ப் வருகிறது. அது லேசாகச் சுருதி ஏறியதுபோல் கேட்கும். 3-வது தந்தியைக் கொஞ்சம் தளர்த்தினால் கார்டு தேன் போல் இனிக்கும். சந்தோஷமாக ஜி மேஜர் பிடித்தால், திறந்த ஜி இறங்கிக் கிடக்கிறது. அதை ஏற்றினால் ஈ மேஜர் கெடுகிறது.

கிட்டாரின் அமைப்பே அப்படி. இயற்கையான மேஜர் மூன்றாம் சுரம் (ஈ-க்கு ஜி ஷார்ப் போல) 386 சென்ட் தூரத்தில் இருக்கிறது. ஃப்ரெட் தருவது 400. அந்த 14 சென்ட் எங்காவது தெரியத்தான் செய்யும். எல்லாக் கார்டும் ஓரளவு நன்றாக ஒலிக்கட்டும் என்று எந்தக் கார்டையும் முழுத் தூய்மையாக விடாமல் செய்த சமரசம்தான் சம அளவுப் பங்கீடு. ஆகவே ஒரு கார்டை இனிமையாக்கி அதை வைத்துக் கிட்டாரைச் சேர்க்காதீர்கள். ஒரே ஒரு கார்டை மையமாக வைத்த பாட்டைப் பதிவு செய்யும்போது அனுபவமுள்ளவர்கள் 3-வது தந்தியை 3, 4 சென்ட் இறக்கிக்கொள்வது உண்டு. பழகும் நிலையில் அது வேண்டாம்.

சரிபார்க்க ஆக்டேவ்களே நம்பகமானவை. 6-வது திறந்த தந்தியோடு 4-வதின் 2-வது ஃப்ரெட். 5-வதோடு 3-வதின் 2-வது ஃப்ரெட். 4-வதோடு 2-வதின் 3-வது ஃப்ரெட். 3-வதோடு 1-வதின் 3-வது ஃப்ரெட். நான்கு ஜோடியும் விம்மாமல் ஒலித்தால் வாசிக்கத் தொடங்கலாம்.

சுருதி நிற்காமல் போவதற்கான காரணங்கள்

புதுத் தந்தி என்றால் சந்தேகமே வேண்டாம், அது இன்னும் நீளவில்லை. மாட்டியதும் 12-வது ஃப்ரெட் பக்கம் பிடித்து மெதுவாக மேலே தூக்கி இழுங்கள், சுருதி இறங்கும், மறுபடி சேருங்கள். இழுத்தும் இறங்காத வரை இப்படி நான்கைந்து தடவை. ஸ்டீல் தந்தி ஓரிரு நாளில் அடங்கிவிடும். நைலான் தந்தி பல நாள் நீண்டுகொண்டே இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கீயில் தந்தி சுற்றியிருக்கும் விதம் அடுத்தது. தடித்த தந்திக்கு இரண்டு சுற்று, மெல்லியதற்கு மூன்று, நான்கு சுற்று போதும். ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். பத்துப் பன்னிரண்டு சுற்று குவிந்து கிடந்தால் அவை இறுகும்போதெல்லாம் சுருதி இறங்கும்.

திருப்பும்போது முதலில் ஒன்றும் ஆகாமல், திடீரென்று "டிக்" என்ற சத்தத்தோடு சுருதி தாவினால் நட்டின் பள்ளத்தில் தந்தி சிக்குகிறது. தந்தியை வெளியே எடுத்து, பென்சில் முனையால் பள்ளத்தில் நன்றாகத் தேயுங்கள். கிராஃபைட் உராய்வைக் குறைக்கும். அதன்பிறகும் சிக்கினால் பள்ளம் அந்தத் தந்தியின் தடிமனுக்குக் குறுகலாக இருக்கிறது. அதை அரம் போட்டுச் சரிசெய்வது பழகிய கையின் வேலை.

குளிரூட்டிய அறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் ஸ்டீல் தந்தி விரிந்து சுருதி இறங்கும். போன இடத்தில் கிட்டாரைக் கால் மணி நேரமாவது வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கவ்வி) மாட்டினால் தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறும். ஃப்ரெட்டை ஒட்டி மாட்டி, மாட்டிய பின் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் ஃப்ரெட்டைத் தேவைக்கு மேல் அழுத்துவதும் இதே விளைவைத் தரும். திறந்த தந்தி சரியாக இருந்து முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் சுருதி ஏறினால், கையைத் தளர்த்திப் பாருங்கள். ஒலி கரகரக்காமல் வரும் குறைந்தபட்ச அழுத்தம் போதும். அப்படியும் ஏறினால் நட் உயரமாக இருக்கலாம்.

வாசித்து முடித்ததும் தினமும் தந்திகளைத் தளர்த்தி வைக்கச் சொல்பவர்கள் உண்டு. தேவையில்லை. இழுவிசை தினமும் கூடிக் குறைந்துகொண்டிருந்தால் தந்தியும் கழுத்தும் ஒரு நிலைக்கு வரவே வராது.

12-வது ஃப்ரெட் சோதனை

திறந்த தந்தி சரி, ஆனால் கழுத்தில் மேலே போகப்போகச் சுருதி விலகுகிறது என்றால் ட்யூனிங்கால் அதைச் சரிசெய்ய முடியாது. 12-வது ஃப்ரெட்டின் மேல் ஹார்மோனிக் எடுத்து ட்யூனரில் பாருங்கள். அதே ஃப்ரெட்டை இயல்பாக அழுத்தி மீண்டும் மீட்டுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் தந்தியின் அதிரும் நீளம் குறைவாக இருக்கிறது, சேடிலை (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) பின்னால் தள்ள வேண்டும். இறங்கியிருந்தால் முன்னால் கொண்டுவர வேண்டும். எலக்ட்ரிக் கிட்டாரில் பெரும்பாலும் ஒவ்வொரு தந்திக்கும் தனித் திருகு உண்டு: கொஞ்சம் திருகுவது, திறந்த தந்தியை மறுபடி சேர்ப்பது, மறுபடி ஒப்பிடுவது என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். ஸ்டீல் தந்தி அகூஸ்டிக்கில் சேடில் அசையாது. தடித்த தந்திக்குக் கூடுதல் நீளம் கிடைக்கும்படி அதைச் சற்றுச் சாய்வாகவே பொருத்தியிருப்பார்கள்.

இந்தச் சோதனையைப் பழைய தந்தியில் செய்து பயனில்லை. வியர்வையும் துருவும் படிந்து, ஃப்ரெட் பட்ட இடங்களில் தேய்ந்து, எடை சீராக இல்லாத தந்தி எந்த அமைப்பிலும் ஒழுங்காகச் சேராது. தந்தியின் அடிப்புறத்தை விரலால் தடவும்போது சொரசொரப்பாகவோ பள்ளமாகவோ தட்டுப்பட்டால், சேடிலில் கை வைக்கும் முன் தந்தியை மாற்றிவிடுங்கள்.